டியோலிண்டா போர்பாவின் இடத்தில் உட்கார்ந்தவன்

பொய் சொல்லத் தெரியாதவர்களை எங்கள் கோர்ட்டுக்குக் கூப்பிடவே கூடாது. வாசலிலேயே நிறுத்தி, "அம்மா, உங்களுக்குச் சமாளிக்கத் தெரியுமா? தெரியாதா? அப்படியானால் வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்லாமல் டியோலிண்டா போர்பாவை உள்ளே விட்டார்கள். கையை உயர்த்தச் சொல்லிச் சத்தியம் வாங்கினார்கள். பிறகு, அவர் உண்மையைச் சொன்ன ஒரே குற்றத்துக்காக வெளியே அனுப்பினார்கள். நான்கு வருடமாகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் ஊர் ஆல்மிராவைச் சுற்றி அவரைத் தெரியாத மாட்டுப்பண்ணை கிடையாது. போர்ச்சுகலின் அஸோர்ஸ் தீவுகளிலிருந்து பதினேழு வயதில் கலிபோர்னியாவுக்கு வந்தவர். வந்த மறுவாரமே பால் கறக்க நின்றார். புருஷன் ழுவாவ் இறந்த பிறகு பால் சோதிக்கும் வேலைக்குப் போனார். அந்த வேலை என்னவென்றால், மாதம் ஒரு முறை ஒவ்வொரு பண்ணைக்கும் போய், ஒவ்வொரு மாடும் எவ்வளவு கறக்கிறது என்று அளந்து, சின்னக் குப்பியில் மாதிரி எடுத்து, தாளில் எழுத வேண்டும். அந்தத் தாளில் இருக்கும் எண்ணை வைத்துத்தான் சந்தையில் மாட்டுக்கு மதிப்பு. ஆகையால் சோதிக்க வருபவர் பென்சிலைக் கொஞ்சம் தாராளமாகப் பிடித்தால் பண்ணைக்காரருக்கு நல்லது. தாராளமாகப் பிடித்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் வண்டியில் எப்போதும் ஒரு தொடை இறைச்சியோ வீட்டு ஒயினோ இருக்கும்.

தியா டியோலிண்டாவின் வண்டியில் குப்பிப் பெட்டியும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும் மட்டும் இருக்கும். எங்கள் ஆட்கள் எல்லோரும் அவரை அத்தை முறை வைத்து 'தியா' என்றுதான் கூப்பிடுவோம். ஒரு தடவை அவருடைய சொந்த நாத்தனார் புருஷன் மாடுகளை விற்கப் போகிற சமயம், "நாலு மாட்டுக்கு மட்டும் கொஞ்சம் ஏத்திப் போடு, குடும்பம்தானே" என்றான். தியா, இருந்ததை இருந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவன் ஆறு வருடம் அவரோடு பேசவில்லை. தேவாலயத்தில் அவர் உட்கார்ந்தால் அவன் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போவான். "மாடு கறக்காததை நான் எப்படிக் கறக்க வைக்கிறது?" என்பதோடு தியா நிறுத்திக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனுஷியைத்தான் லானி டீக் வழக்கில் ஜூரியில் உட்கார வைத்தார்கள்.

லானி டீக்குக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பால் கறப்பவன். வேலை போய் நான்கு மாதம் சும்மா இருந்து, அப்போதுதான் ஒரு பண்ணையில் புது வேலை கிடைத்திருந்தது. மறுநாள் சேர வேண்டும், பூட்ஸ் அவரவர் கொண்டுவர வேண்டும். அவனுடையது அடிப்பகுதி பிளந்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. ஜனவரி மூடுபனியில் நெடுஞ்சாலைக் கடைக்குப் போனான். புது ரப்பர் பூட்ஸைப் போட்டுப் பார்த்தான். பழையதைப் பெட்டிக்குள் வைத்து மூடி, பெட்டியை அலமாரியில் திருப்பி வைத்துவிட்டு, புதியதோடு நடந்து வெளியே போனான். வண்டி நிறுத்துமிடத்தில் பிடித்துவிட்டார்கள். எல்லாம் கேமராவில் இருந்தது.

கோர்ட்டில் இரண்டு ஜோடியையும் மேஜைமேல் வைத்தார்கள். புதியது பளபளவென்று. பழையதற்குள் ரொட்டி உறையை மடித்துத் திணித்திருந்தான், ஈரம் ஏறாமல் இருக்க. அதைக் கையுறை போட்டுக்கொண்டு எடுத்துக் காட்டினார் அரசு வக்கீல். 

நானும் அங்கேதான் இருந்தேன். என் பெயர் கில்பெர்ட் டுவார்ட்டே. தீவனக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவன். பன்னிரண்டு ஜூரர்களுக்குப் பக்கத்தில் உபரியாக இரண்டு பேரை உட்கார வைப்பார்கள். யாருக்காவது காய்ச்சல் வந்தால், யாராவது செத்துப்போனால் அந்த இடத்துக்கு. அந்த உபரிகளில் முதல் ஆள் நான். மூன்று நாள் எல்லாவற்றையும் கேட்டேன். பிறகு பன்னிரண்டு பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். என்னை நடைபாதையில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உள்ளே நடந்ததைப் பிற்பாடு அவர்களே என் கடைக்கு வந்து ஆளுக்கொரு துண்டாகச் சொன்னார்கள். எல்லோருமே மாட்டுக்குத் தீனி வாங்க வேண்டியவர்கள்தானே.

ஜூரித் தலைவர் கீத் லாண்ட்கிரென், இன்ஷூரன்ஸ் விற்பவர். "சீட்டுல எழுதிப் போடுவோம், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்ல இருக்கலாம்" என்றாராம். எழுதிப் போட்டார்கள். பதினொரு சீட்டில் குற்றவாளி. ஒன்றில் இல்லை. பன்னிரண்டும் ஒன்றாக இருந்தால்தான் தீர்ப்பு.

பெயர் எழுதாத சீட்டு. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். லாண்ட்கிரென் சீட்டைத் தூக்கிப் பிடித்து, "யாருப்பா இது?" என்று கேட்டு முடிக்கவில்லை.

"நான்தான்" என்றார் தியா.

"டேப் போட்டுக் காட்டினப்ப தூங்கிட்டீங்களா?"

"முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். எடுத்தான். காசு கொடுக்கல. போயிட்டான்."

"அப்புறம் என்ன பிரச்சினை?"

"ராய் சொன்னதுதான் பிரச்சினை."

ராய் என்பவர் வாதுமைத் தோப்பு வைத்திருக்கும் கிழவர். உள்ளே போன உடனேயே அவர்தான் போட்டு உடைத்திருக்கிறார். "ஒரு ஜோடி பூட்ஸுக்குப் பெரிய கோர்ட்டு, மூணு நாள் விசாரணை, ரெண்டு அரசு வக்கீல். இது வேற ஒண்ணுமில்ல. மூணாவது தடவைச் சட்டம். பயலுக்கு இருபத்தஞ்சு வருஷத்துலேர்ந்து ஆயுசு வரைக்கும்."

அவனுடைய பழைய கதை எதையும் கோர்ட்டில் எங்களுக்குச் சொல்லவில்லை. தண்டனை என்ன என்றும் சொல்லவில்லை. தண்டனையைப் பற்றி நினைக்கவே கூடாது என்று மட்டும் நீதிபதி இரண்டு முறை படித்தார். ஒரு மனிதனின் மீதி வாழ்நாளைப் பன்னிரண்டு பேர் கையில் கொடுத்துவிட்டு, கையில் என்ன இருக்கிறது என்று பார்க்காதே என்பது என்ன நியாயமோ! ஆனால் ராய் ஊகித்தது சரிதான். லானி இருபது வயதில், ஒரே கோடையில், இரண்டு வீடு புகுந்து திருடியவன். அதற்குச் சிறையும் போய் வந்தவன். பழைய திருட்டு இருந்தால் சின்னத் திருட்டையும் பெருங்குற்றமாகப் போடலாம். பெருங்குற்றம் மூன்றானால் ஆள் தீர்ந்தான்.

அந்தச் சட்டத்தை வானத்திலிருந்து யாரும் போடவில்லை. வழக்குக்கு மூன்று வருடம் முன் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. நாங்கள் எல்லோரும் ஆமாம் என்று போட்டோம். லாண்ட்கிரென் போட்டார், ராய் போட்டார், நான் போட்டேன். தியாவும் போட்டார்.

"நீங்களும்தானே ஓட்டுப் போட்டீங்க?" என்று லாண்ட்கிரென் மடக்கியிருக்கிறார்.

"போட்டேன். கொலைகாரனை, சின்னப் பிள்ளைங்களத் தூக்கிட்டுப் போறவனை நினைச்சுப் போட்டேன். பூட்ஸ் இல்லாதவனை நினைச்சு நான் போடல."

"தியா, இது மாட்டுச் சந்தை இல்ல. பேரம் பேச முடியாது" என்று ராய் சிரித்திருக்கிறார்.

"சந்தையில கூட மாட்டோட பல்லைக் காட்டுவாங்க, ராய். இங்க அதையும் மூடி வெச்சிருக்காங்க."

ராய் கெட்டவர் இல்லை. கேலி செய்தாலும் அவருக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. மேஜைமேல் சாய்ந்து, ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். "இங்க பாருங்க தியா. சந்தேகமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கேமரா மங்கலா இருந்துச்சு, மறந்துபோய் நடந்திருப்பான்னு தோணுதுன்னு சொல்லுங்க. நாங்க ரெண்டு நாள் உங்களோட மல்லுக்கட்டுறோம். நீங்க அசைய வேண்டாம். ஒத்துப்போகலன்னு எழுதிக் கொடுத்துட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிடலாம்."

ஒரே ஒரு வார்த்தை. உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறியிருப்பார்கள். நானாக இருந்தால் இருகையாலும் பிடித்திருப்பேன்.

தியா யோசித்துப் பார்த்தாராம். பிறகு, "எனக்குச் சந்தேகமே இல்லையே, ராய்" என்றாராம்.

லாண்ட்கிரென் தாளை எடுத்து நீதிபதிக்கு எழுதினார்: 'ஒரு ஜூரர் சட்டப்படி நடக்க மறுக்கிறார்.' கதவைத் தட்டிக் கோர்ட் காவலரிடம் கொடுத்தார். அந்தச் சீட்டு என் பெஞ்சைத் தாண்டித்தான் போனது. எனக்குத் தெரியாது. நான் பத்திரிகையில் பேஸ்பால் பக்கம் படித்துக்கொண்டிருந்தேன்.

நீதிபதி ஹோல்கம் தியாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே பேசியதெல்லாம் பதிவில் இருக்கிறது. பிற்பாடு நானே கோர்ட்டில் மனுப்போட்டு வாங்கிப் படித்தேன். எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

"மிஸஸ் போர்பா, திருட்டுன்னா சட்டத்துல என்னன்னு நான் படிச்சுச் சொன்னது புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க ஐயா. அவன் செஞ்சது அதுதான்."

"அப்ப சாட்சியத்துல உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருக்கா?"

இந்த இடத்தில் லானியின் வக்கீல் மிஸ் அபர்னத்தி, அரசு கொடுத்த இலவச வக்கீல், மூச்சையே விடவில்லையாம். 'இருக்கு' என்று இந்த அம்மாள் சொன்னால் போதும், பேச்சு அங்கேயே முடிந்தது, நீதிபதி அவரை அறைக்குத் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும்.

"இல்லீங்க" என்றார் தியா.

"தண்டனையை மனசுல வெக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்."

"சொன்னீங்க. வெக்காம இருக்கத்தான் பார்த்தேன், முடியல. நீங்க அவனுக்கு இருபத்தஞ்சு வருஷம் கொடுப்பீங்களா, மாட்டீங்களா? மாட்டேன்னு சொல்லுங்க, நான் இப்பவே போய்க் கை தூக்கறேன்."

"அதை நான் சொல்ல முடியாது, மிஸஸ் போர்பா."

"அப்ப என்னாலயும் முடியாதுங்க."

மிஸ் அபர்னத்தி ஆட்சேபம் சொன்னார், பதிவில் இருக்கிறது. நீதிபதி தள்ளினார், அதுவும் இருக்கிறது. கடமையைச் செய்ய இயலாதவர் என்று எழுதி, தியாவை ஜூரியிலிருந்து நீக்கினார். நாற்பது வருடம் வேலை செய்து ஒரு நாள் கடமை தவறாத மனுஷியைப் பற்றி எழுதிய வரி அது. பின்பக்க வாசல் வழியாக அனுப்பினார்கள். அவருடைய ஸ்வெட்டரை எடுக்கக் கூட உள்ளே விடவில்லை. காவலர் போய் எடுத்து வந்து கொடுத்தார்.

பிறகு நடைபாதைக்கு வந்து, "மிஸ்டர் டுவார்ட்டே, வாங்க" என்றார்கள்.

புது ஆள் வந்ததால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பேச வேண்டும், முன்பு பேசியதை மறந்துவிட வேண்டும் என்று நீதிபதி பதினொரு பேருக்கும் சொன்னார். மறந்துவிட வேண்டுமாம்! பதினொரு பேரும் தலையாட்டினார்கள். உள்ளே போனோம். "கில்பெர்ட், உங்களுக்கு ஏதாவது சந்தேகம்?" என்று லாண்ட்கிரென் கேட்டார். கேட்கும்போது ஏற்கெனவே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராய் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தியா ஏன் போனார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. ஆனால் நான் ஒன்றும் குழந்தை இல்லை. தியா முடியாது என்று சொல்லியிருப்பார், அதற்காக வெளியே போட்டிருப்பார்கள் என்று புரிந்தது. மேஜைமேல் அந்தப் பழைய பூட்ஸ் இருந்தது. ரொட்டி உறையின் ஓரம் வெளியே தெரிந்தது. எங்கள் வீட்டில் வாங்குகிற அதே ரொட்டி. இதற்கு ஒரு ஆளை உள்ளே போடுவதா என்று எனக்கும்தான் தோன்றியது. தோன்றியதை வாய் வரைக்கும் கொண்டுவந்தேன். அடுத்தது நீதிபதி என்னையும் கூப்பிடுவார், ஏன் என்று கேட்பார், நான் என்ன சொல்வது, நாளை ஊரில் எப்படிப் பேசுவார்கள், லாண்ட்கிரென் எங்கள் முதலாளியோடு வாராவாரம் கோல்ஃப் ஆடுகிறவர், இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. "சந்தேகம் ஒண்ணுமில்ல" என்றேன். காபி வரக் காத்திருந்த நேரத்தையும் சேர்த்து முப்பத்தைந்து நிமிடம்.

தீர்ப்பைப் படித்தபோது லானி டீக் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தான். தியா இருந்த இடத்தில் என்னைப் பார்த்ததும் புரியாமல் ஒரு கணம் நிறுத்தினான். ஒன்றரை மாதம் கழித்து நீதிபதி ஹோல்கம் இருபத்தைந்து வருடத்திலிருந்து ஆயுள் வரை என்று போட்டார். பழைய குற்றங்களில் ஒன்றை ஒதுக்கிவைத்துக் குறைக்க அவருக்கு அதிகாரம் இருந்தது. செய்யவில்லை. அடுத்த வருடம் அவருக்குத் தேர்தல் இருந்தது; எங்கள் பக்கம் நீதிபதியும் ஓட்டு வாங்கித்தான் நாற்காலியில் உட்கார வேண்டும்.

தீர்ப்பு நாளன்றே வண்டி நிறுத்துமிடத்தில் மிஸ் அபர்னத்தி என்னைப் பிடித்தார். வழக்கு முடிந்தபின் வக்கீல்கள் ஜூரர்களோடு பேசலாம். கோபமாக இல்லை, களைத்துப் போயிருந்தார்.

"குற்றவாளி இல்லன்னு சொல்றதுக்கு ஜூரர் காரணமே சொல்ல வேண்டாம், மிஸ்டர் டுவார்ட்டே. இல்லன்னா இல்ல, அவ்வளவுதான். எந்த நீதிபதியும் ஒண்ணும் பண்ண முடியாது. அந்தம்மா காரணத்தைச் சொல்லிட்டாங்க, அதான் மாட்டிக்கிட்டாங்க."

"இதை ஏன் யாரும் முன்னாடியே எங்ககிட்ட சொல்லல?"

"வக்கீல்கள் அதை ஜூரிகிட்ட சொல்லக் கூடாது. சொன்னா என்னை வழக்கிலேர்ந்தே தூக்கிடுவாங்க."

"அப்ப நான் இல்லன்னு மட்டும் சொல்லியிருந்தா?"

அவர் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சொல்லணும்னு நினைச்சீங்களா?" என்று கேட்டார். நான் என் வண்டியைத் தேடிப் போனேன்.

ஊர் தியாவைச் சும்மா விடவில்லை. "தியா, என் கொட்டகையில பூட்ஸைக் கழட்டிப் போட்டிருக்கேன், பார்த்துக்கோங்க, உங்க சிநேகிதன் வந்திடப் போறான்" என்று பண்ணைக்குப் பண்ணை கிண்டல். அவர் குப்பியை நிரப்பி, மூடி, பெயர் ஒட்டிக்கொண்டிருப்பார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே போவார். எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். மூன்று மணி நேர ஓட்டம். லானிக்கு வேறு யாரும் இல்லை.

இரண்டு வருடம் நான் அவர் கண்ணில் படாமல் ஒளிந்தேன். ஆல்மிராவில் அது லேசான காரியமா? ஊருக்கே சூப் கொடுக்கும் பரிசுத்த ஆவித் திருவிழாவுக்குத் தேவாலய மண்டபச் சமையல் கட்டில் எல்லோரும் வேலை செய்தாக வேண்டும். அந்த வருடம் சூப்புக்கு ரொட்டி அரியும் மேஜையில் என்னையும் அவரையும் எதிரெதிராக நிறுத்திவிட்டார்கள். பின்னால் பெரிய அண்டாக்களில் மாட்டிறைச்சி கொதித்துக்கொண்டிருந்தது. பத்து ரொட்டி அரிந்து முடித்தோம்.

"ஏண்டா கில்பெர்ட், என்னைக் கண்டா ஓடுற?" என்றார் தலை நிமிராமல். "உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

"இருக்கணும் தியா."

"எதுக்கு? உனக்கு அவன் குற்றவாளின்னு பட்டுது, நீ சொன்னே. மனசார நம்பிச் சொன்னவனைக் கோவிச்சு என்ன பண்றது? லானி கூட கேட்டான், எனக்கப்புறம் வந்தது யாருன்னு. நல்ல பையன், நம்பித்தான் சொல்லியிருப்பான்னு நான்தான் சொன்னேன். அவனுக்கும் அது கொஞ்சம் ஆறுதல்."

அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு எதிரே நின்று பொய்யாக ஒரு துண்டு ரொட்டிகூட அரிய முடியவில்லை எனக்கு.

"நான் நம்பல தியா" என்றேன். "நீங்க நினைச்சதேதான் நானும் நினைச்சேன். பயமா இருந்துச்சு. வாயை மூடிக்கிட்டேன்."

அவர் கை நின்றது. என் முகத்தைப் பார்த்தார். அவர் கண்ணில் அவ்வளவு கோபத்தை நான் அதுவரை பார்த்ததில்லை, நாத்தனார் புருஷன் கதையிலும் சரி, ஊர் கிண்டலிலும் சரி.

"அப்ப அவன்கிட்ட என்னைப் பொய் சொல்ல வெச்சிட்டியேடா" என்றார்.

 பின்னாலிருந்து யாரோ ரொட்டி கேட்டுக் கத்தினார்கள். தியா கூடையைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அடுத்த ஞாயிற்றுக்கிழமை போறேன். வண்டியில இடம் இருக்கு. என்கிட்ட சொன்னதை அவன்கிட்ட சொல்லு. அது உன் வேலை, என் வேலை இல்ல."

சரி என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் அவர் வண்டி இன்ஜினை ஓடவிட்டு நின்றதை எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். கால்மணி நேரம் நின்றது. இந்த இரண்டு வருடத்தில் ஒவ்வொரு மாதமும் அந்த ஞாயிற்றுக்கிழமை அதே கால்மணி நேரம் நிற்கிறது, பிறகு அவர் தனியாகப் போகிறார். நான் நீதிபதியைத் திட்டுகிறேன், சட்டத்தைத் திட்டுகிறேன், லாண்ட்கிரென் கடைக்கு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். ஜன்னலை விட்டு வெளியே இன்னும் போகவில்லை.